அரேப்பா: மாண்ட மொழியின் மாளாச் சொல்

வரலாறு என்றவுடன் அரசர்தம் முடிசூட்டும் படையெடுப்பும் உடன்படிக்கையுமே பலர்தம் நினைவிற்கு வருவன. கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் அவ்வரலாற்றின் சான்றுகளாகப் போற்றப்படுகின்றன. ஆயின் கல்லிலும் செம்பிலும் யாதொன்றும் பொறித்து வையாது வாழ்ந்து மறைந்த மக்கட் கூட்டங்கள் இவ்வுலகிற் பலவாகும். அவர்தம் வாழ்வை அறிய விழைவோன் நாடவேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, மண்ணினுட் புதைந்து கிடக்கும் மட்பாண்டம். மற்றொன்று, அவர்க்குப் பின்வந்தோர் நாவில் இன்றும் வழங்கும் சொல். இவ்விரண்டும் ஒருங்கே சான்று பகரும் பொருள்களுள் ஒன்று, தென்னமெரிக்காவின் வடபகுதியில் நாள்தோறும் உண்ணப்படும் சோளமா உணவாகிய அரேப்பா.

வெனிசுவேலா, கொலம்பியா என்னும் இரு நாடுகளிலும் அரேப்பா உண்ணாத இல்லம் அரிது. செல்வர் மாளிகையிலும் ஏழையர் குடிலிலும் காலை உணவாக அது விளங்குகின்றது. ஆயின் அப்பெயரை ஈந்த மொழியைப் பேசுவோர் இன்று ஒருவரும் இலர். மொழி மாண்டது, அதன் சொல் ஒன்று கோடிக்கணக்கானோர் வாயில் வாழ்கின்றது. இவ்வாறு நிகழ்ந்தமை எங்ஙனம்? அந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை யாது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உணவின் இயல்பு

அரேப்பா என்பது சோளமாவை வெந்நீரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் தட்டி வட்டமாக்கிச் சுடுதட்டில் இருபுறமும் வேகவிட்டு எடுக்கப்படும் உணவாகும். ஈண்டுச் சோளம் என்றது ஈழத்தில் அப்பெயரால் வழங்குவதும் தமிழகத்தில் மக்காச்சோளம் எனப்படுவதுமாகிய பெருந்தானியத்தை. புளிக்கவைத்தலும் நொதிப்பொருள் இடுதலும் இதற்கு இல்லை. வெளிப்புறம் மொறுமொறுப்பாகவும் உட்புறம் மென்மையாகவும் அமைதலே நல்ல அரேப்பாவின் இலக்கணம்.

இடத்திற்கேற்ப இதன் வடிவம் வேறுபடும். வெனிசுவேலாவில் அது பெரும்பாலும் தடித்தது. சுட்டபின் நடுவே பிளந்து பாற்கட்டியோ இறைச்சியோ அவரையோ உள்ளிட்டு உண்ணப்படும். கறுத்த அவரையும் வெள்ளைப் பாற்கட்டியும் உள்ளிட்டதைத் 'தொமினோ' என்பர். அவ்விளையாட்டுக் காய்களின் கருமையும் வெண்மையும் நோக்கி எழுந்த பெயர் அது. உள்ளீடு யாதுமற்றதைக் 'கைம்பெண்' என்னும் பொருளுடைய சொல்லால் வழங்குவர். கொலம்பியாவின் அந்தியோக்கியப் பகுதியில் அரேப்பா மெல்லியது, உப்பற்றது. பிற உணவுகளுக்குத் துணையாக உண்ணப்படுவது. அந்நாட்டின் கரிபியக் கரையில் மாவட்டத்தை எண்ணெயிற் பொரித்து, அதனுட் பச்சை முட்டையை ஊற்றி, மீண்டும் பொரித்தெடுக்கும் வழக்கம் உண்டு. பொயாக்கா மலைநாட்டிலோ பாற்கட்டியை உள்ளே பொதிந்து சுடுவர். வகை பலவாயினும் பெயர் ஒன்றே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தானியத்தின் வரலாறு

சோளம் மனிதனால் உருவாக்கப்பட்ட பயிராகும். மெச்சிக்கோ நாட்டின் தென்மேற்கிலுள்ள பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தானாக வளர்ந்த தெயோசிந்தே என்னும் புல்லினத்தினின்றும், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர், அந்நாட்டு உழவர் தலைமுறை தலைமுறையாக விதை தெரிந்து விதைத்து அதனை ஆக்கினர். அங்கிருந்து அது மத்திய அமெரிக்கா வழியாகத் தென்னமெரிக்காவைச் சென்றடைந்தது.

ஆயினும் கரிபியக் கடலோரத்திலும் ஒரினோக்கோ ஆற்று வெளியிலும் வாழ்ந்தோர்க்குச் சோளம் ஒன்றே உணவாக இருந்ததன்று. மரவள்ளிக் கிழங்கைத் துருவி, நச்சுச் சாற்றைப் பிழிந்து நீக்கி, எஞ்சிய மாவை அகன்ற மண்தட்டில் பரப்பிச் சுட்டு உண்ணும் வழக்கம் அங்கே ஆழ வேரூன்றியிருந்தது. அவ்வுணவு ஸ்பானிய மொழியிற் கசாபே எனப்படும். அதனைச் சுடும் தட்டு வெனிசுவேலாவில் புடாரே என்றும், அந்நாட்டின் கீழ்ப்பகுதியில் அரிப்போ என்றும் வழங்கும்.

நெடுங்காலமாகத் தொல்பொருளாய்வாளர், அகழ்விடங்களில் இம்மண்தட்டின் ஓடுகளும் துருவியின் கற்சில்லுகளும் கிடைத்தவிடமெல்லாம் அங்கு வாழ்ந்தோர் மரவள்ளி உண்டனர் என முடிவு செய்துவந்தனர். இம்முடிவு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐயுறவிற்கு உள்ளாயிற்று. நடு ஒரினோக்கோப் பகுதியிற் கிடைத்த கற்சில்லுகளில் ஒட்டியிருந்த மாப்பொருள் நுண்மணிகளை உருப்பெருக்கியால் ஆராய்ந்த லிண்டா பெரி என்னும் அறிஞர், அவற்றுட் சோளத்தின் மணிகளும் வேறு கிழங்குகளின் மணிகளும் இருத்தலைக் கண்டு 2005ஆம் ஆண்டில் வெளியிட்டார். கரிபியத் தீவுகளின் பழைய சுடுதட்டுகளை ஆராய்ந்தோரும் சோளத்தின் சுவட்டைக் கண்டனர். ஆகவே, ஒரே தட்டு இருவகை உணவிற்கும் பயன்பட்டது என்பது தெளிவாயிற்று. பெயரின் மூலத்தை ஆராயுங்கால் இவ்வுண்மை பெரிதும் துணைபுரியும்.

பெயரின் மூலம்

அரேப்பா என்னும் பெயரின் பிறப்புப் பற்றி இரு கொள்கைகள் உள. முதலாவது, அது குமனகோத்தோ மொழியின் 'எரேப்பா' என்னும் சொல்லினின்றும் வந்தது என்பது. ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இக்கொள்கையையே மேற்கொண்டு, அச்சொல்லுக்குச் சோளம் எனப் பொருள் கூறுகின்றது. இரண்டாவது, சுடுதட்டின் பெயராகிய 'அரிப்போ' என்பதே தட்டிற் சுடப்படும் உணவிற்கு ஆகிவந்து அரேப்பா எனத் திரிந்தது என்பது. கருவியின் பெயர் காரியத்திற்கு ஆதல் மொழிகளிற் புதுமையன்று. ஆதலின் இரண்டாம் கொள்கையும் முற்றும் தள்ளற்பாலதன்று.

இவற்றுள் எது வலியுடைத்து என்பதைக் குமனகோத்தோ மொழியின் உறவு மொழிகளைக் கொண்டு ஆராய்தல் வேண்டும். குமனகோத்தோ என்பது கரிப்பு மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. அக்குடும்பத்தின் மொழிகள் சில வெனிசுவேலா, கயானா, சூரினாம், பிரேசில் ஆகிய நாடுகளில் இன்றும் பேசப்படுகின்றன. அவற்றுட் பலவற்றில் எரேப்பா, அரேப்பா என்பவற்றோடு ஒலியால் ஒத்த சொற்கள் காணப்படுகின்றன. ஆயின் ஆங்கு அவை பொதுவாக உணவு என்றோ, மரவள்ளி அப்பம் என்றோ பொருள்படுகின்றன, தட்டினைக் குறித்தனவல்ல. உறவு மொழிகள் பலவற்றில் ஒரு சொல் உணவின் பெயராகவே நிலைத்து நிற்குமாயின், அது பழமையான பொதுச் சொத்து என்பதும், தட்டின் பெயரினின்றும் பிற்காலத்தில் திரிந்ததன்று என்பதும் பெறப்படும்.

இதனால் மற்றொன்றும் விளங்கும். அச்சொல்லின் தொன்மைப் பொருள் ஒரு குறித்த தானியம் அன்று. நாள்தோறும் உண்டு உயிர்வாழும் உணவு என்பதே. மரவள்ளியை உண்டோர் மரவள்ளி அப்பத்தை அப்பெயரால் அழைத்தனர். சோளத்தை உண்டோர் சோளத்தையும் அதன் அப்பத்தையும் அப்பெயரால் அழைத்தனர். ஒரே தட்டு இருவகை மாவையும் சுட்டது போல, ஒரே சொல்லும் இருவகை உணவையும் சுட்டியது. மண்ணோட்டின் சான்றும் சொல்லின் சான்றும் ஈண்டு ஒத்து நிற்றல் காண்க.

பழைய எழுத்துச் சான்று

அரேப்பாவைப் பற்றி எழுதிய பழைய ஐரோப்பியருள் முதன்மையாகக் குறிக்கப்படுபவர் கலெயொத்தோ சேயி என்னும் புளோரன்சு நகர வணிகர். அவர் 1539 முதல் 1553 வரை அமெரிக்காவிற் பயணம் செய்து, கண்டவற்றை இத்தாலிய மொழியில் எழுதி வைத்தார். கையெழுத்துப் படியாகவே நெடுங்காலம் கிடந்த அந்நூல் 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் அச்சேறிற்று. விரல் பருமனும் தட்டின் அகலமும் கொண்ட வட்டமான சோள அப்பங்களைப் பெண்கள் தட்டி, ஒட்டாதிருத்தற்பொருட்டுக் கொழுப்புப் பூசிய சுடுதட்டில் இட்டு, இருபுறமும் திருப்பி வேகவைப்பதை அவர் விவரிக்கின்றார். அதன் பெயர் அரேப்பா எனவும் கூறுகின்றார். 4 நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இவ்விவரணத்திற்கும் இன்று கராக்காஸ் நகரின் அடுக்களையில் நிகழ்வதற்கும் வேற்றுமை சிறிதே.

சேயியின் வெனிசுவேலாப் பயணம் பெரும்பாலும் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் நிகழ்ந்தது. குமனகோத்தோ மக்கள் வாழ்ந்ததோ கீழைக் கடற்கரை. ஆதலின் 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அப்பெயர் தன் பிறப்பிடத்தை விட்டு நெடுந்தூரம் பரவியிருந்தது எனக் கொள்ளலாம். அதனைப் பரப்பியோர் ஸ்பானியக் குடியேறிகளாக இருத்தல் கூடும். கரிப்பு மொழியினரிடையே முன்னமே அது பரவலாக வழங்கியதும் காரணமாகலாம்.

பெயர் நிலைத்தமையின் காரணம்

மெச்சிக்கோவை வென்ற ஸ்பானியர் அங்கும் சோள அப்பத்தைக் கண்டனர். நகுவாத்தல் மொழியில் அதன் பெயர் திலாஷ்கல்லி. ஆயின் ஸ்பானியர் அப்பெயரை ஏற்றிலர். சிறிய அப்பம் எனப் பொருள்படும் தம் மொழிச் சொல்லாகிய தொர்த்தியா என்பதையே அதற்குச் சூட்டினர். இன்று உலகம் அறிந்த பெயர் அதுவே. அஸ்தெக்குப் பேரரசு வலியது. அதன் மொழியைப் பேசுவோர் இன்றும் பத்து இலட்சத்துக்கு மேலர். அத்தகைய மொழியின் சொல் வழக்கிழக்க, அரசும் பெருநகரும் இல்லாத கடற்கரை மக்களின் சொல் நிலைத்தது வியப்பன்றோ!

இதற்கு உரிய காரணங்களை ஒருவாறு உய்த்துணரலாம். ஸ்பானியர் முதலிற் கால் வைத்த இடம் கரிபியத் தீவுகள். அங்கு வாழ்ந்த தைனோ மக்களின் மொழியிலிருந்தே சோளத்தைக் குறிக்கும் மாயிஸ் என்னும் சொல்லையும், கசாபே, கனோவா, அமாக்கா முதலிய சொற்களையும் அவர்கள் பெற்றனர். ஆகவே பெருநிலத்தை அடைந்தபோது தானியத்திற்கு அவர்களிடம் பெயர் இருந்தது. தைனோ மக்களின் அப்பமோ முதன்மையாக மரவள்ளி அப்பம். தடித்த சோள அப்பத்திற்குத் தீவுகளிலிருந்து கொண்டுவந்த பெயர் யாதும் இல்லாமையால், பெருநிலத்து மக்கள் வழங்கிய பெயரையே ஸ்பானியர் ஏற்றுக்கொண்டனர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

மற்றொரு காரணம் கோதுமையின் இயல்பு. ஸ்பானியர்க்கு அப்பம் என்றால் கோதுமை அப்பமே. கத்தோலிக்கத் திருப்பலிக்குரிய அப்பமும் கோதுமையால் ஆதல் வேண்டும் என்பது திருச்சபை விதி. ஆதலின் உணவிலும் சமயத்திலும் கோதுமை மேன்மை பெற்றது. சோளம் சுதேசிகளுக்கும் அடிமைகளுக்கும் உரிய தாழ்ந்த உணவெனக் கருதப்பட்டது. ஆயின் வெப்பம் மிக்க கடற்கரையிற் கோதுமை விளையாது. அந்தீஸ் மலைச்சாரல்களிலும் கராக்காஸ் பள்ளத்தாக்கிலும் அது விளைந்ததாயினும் அனைவர்க்கும் போதுவதாக இல்லை. இழிவெனக் கருதியதையே வெற்றி கொண்டோரும் உண்ண நேர்ந்தது. அதனைச் சமைத்தோர் நாட்டுப் பெண்கள். பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட பெண்களும் அவருடன் சேர்ந்தனர். அடுக்களையில் ஆண்டான் மொழி ஆட்சி செய்யவில்லை. சமைப்போர் இட்ட பெயரே உண்போர்க்கும் உரியதாயிற்று.

குமனகோத்தோ மக்களின் கதி

சொல் வாழ்ந்த வரலாறு இது. அச்சொல்லை ஈந்த மக்களின் வரலாறோ துயர் மிக்கது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குமானாக் கரைக்கு எதிரேயுள்ள குபாகுவாத் தீவில் முத்துக் கண்டெடுக்கப்பட்டது. முத்துக் குளித்தற்கு ஆட்கள் வேண்டி ஸ்பானியர் தீவுகளிலும் பெருநிலக் கரையிலும் மக்களைப் பிடித்து அடிமைகளாக்கினர். இக்கொடுமையைக் கண்டித்த பார்த்தொலோமே தெ லாஸ் காசாஸ் என்னும் குரு 1521இல் குமானாக் கரையில் அமைதியான குடியேற்றம் ஒன்றை நிறுவ முயன்றார். அடிமை வேட்டையால் வெகுண்டிருந்த மக்களின் கிளர்ச்சியால் அம்முயற்சி விரைவில் அழிந்தது. குபாகுவாவின் முத்துப் படுகைகளும் அளவிறந்த அகழ்வால் சில பத்தாண்டுகளில் வறண்டன, நகரம் பாழாயிற்று.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சிஸ்கன், கப்புச்சியன் ஆகிய துறவியர் சபைகள் அக்கரையிற் சமயப் பணி தொடங்கின. 1656இல் பீரித்துப் பகுதிக்கு வந்த பிரான்சிஸ்கன் துறவியர் சிதறி வாழ்ந்த மக்களைப் புதிய ஊர்களிற் குடியமர்த்தினர். போதனைக்கு அம்மக்களின் மொழி வேண்டப்பட்டமையின் துறவியர் அதனைக் கற்று இலக்கணமும் சொற்கோவையும் வகுத்தனர். பிரான்சிசுக்கோ தெ தௌஸ்தே இயற்றிய நூல் 1680இல் மத்ரீத்திலும், மனுவேல் தெ யாங்குவெஸ் இயற்றியது மத்தியாஸ் ரூயிஸ் பிளாங்கோவின் சொற்கோவையுடன் 1683இல் புர்கோஸிலும் அச்சேறின. 1888இல் யேர்மன் அறிஞர் யூலியஸ் பிளாட்ஸ்மன் இவ்வரிய நூல்களை இலைப்சிக் நகரில் மீண்டும் பதிப்பித்தார்.

ஆயின் நூல்கள் மொழியைக் காத்தில. ஒரு மக்கட் கூட்டத்தின் மொழியை முறையாக எழுதி வைத்த அதே அமைப்புத்தான், அவர்களை வேறு மொழி பேசுவோருடன் ஓரூரிற் குடியமர்த்தி, ஸ்பானிய வாழ்க்கைக்குள் ஈர்த்து, அவர்தம் மொழி தேய்தற்கும் வழிவகுத்தது. நோயும் அடிமை வேட்டையும் முன்னமே மக்கள் தொகையைக் குறைத்திருந்தன. பெற்றோர் பிள்ளைகளுடன் ஸ்பானிய மொழியிற் பேசத் தொடங்கிய தலைமுறையில் மொழியின் முடிவு உறுதியாயிற்று. தம்மைக் குமனகோத்தோ எனக் கூறிக்கொள்வோர் அன்சோவாத்தெகி மாநிலத்தில் இன்றும் உளர். அம்மொழியோ வழக்கில் இல்லை.

உரலும் ஆலையும்

அரேப்பாவின் பண்டைச் செய்முறை கடினமானது. சோளமணிகளை மரவுரலில் இட்டு உலக்கையாற் குத்தி, உமியும் முளைக்கருவும் நீக்கிப் புடைத்தல் வேண்டும். பின்னர் அதனை அவித்து, ஆறவைத்து, கல்லில் அரைத்துப் பிசைதல் வேண்டும். இவ்வேலை முழுவதும் பெண்கள் தலையிலேயே விழுந்தது. இருவர் எதிரெதிர் நின்று மாறிமாறிக் குத்துங்கால் களைப்பு மறக்கப் பாடிய உரற்பாட்டுக்கள் வெனிசுவேலாவின் நாட்டார் இலக்கியத்தில் தனியிடம் பெற்றவை. வெனிசுவேலாவின் மேற்கிலும் கொலம்பியாவின் சந்தாந்தர்ப் பகுதியிலும் உரலுக்குப் பதிலாகச் சாம்பல் நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ சோளத்தை அவித்துத் தோல் உரிக்கும் முறை உண்டு. இம்முறை சோளத்திற் பிணிப்புண்டு கிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் ஏற்கச் செய்யும் என்பதை விஞ்ஞானம் பிற்காலத்திற் கண்டது. ஐரோப்பியர் சோளத்தைத் தம் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர், இம்முறையைக் கொண்டுசென்றிலர். அதன் பயனாக ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மக்கள் பெலாக்கிரா என்னும் நோயால் வருந்தினர்.

20ஆம் நூற்றாண்டில் எண்ணெய் வளத்தால் வெனிசுவேலா உருமாறியது. மக்கள் நாட்டுப்புறம் விட்டு நகரங்களிற் குவிந்தனர். நகர வாழ்வில் உரல் குத்துதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. இறக்குமதியான கோதுமையால் ஆன பாண் எளிதிற் கிடைத்தது. நான்கு நூற்றாண்டுகளாகக் கோதுமையால் வெல்லப்படாத அரேப்பா அப்பொழுதே மெய்யான இடருக்கு உள்ளாயிற்று.

அவ்விடரினின்றும் அதனைக் காத்தது இயந்திரமே. லூயிஸ் கபாயேரோ மெஹியாஸ் என்னும் வெனிசுவேலாப் பொறியியலாளர், அவித்து உலர்த்திய சோளமாவை ஆக்கும் முறைக்கு 1954இற் காப்புரிமை பெற்றார். 1941இல் நிறுவப்பட்ட போலார் என்னும் பியர் ஆலை, தன் வடிப்பிற்காகச் சோளத்தைப் பதப்படுத்துவதிற் பழகியிருந்தது. அதன் வடிப்பு வல்லுநரும் செக்கோசிலோவாக்கியாவிலிருந்து வந்தவருமான கார்லோஸ் ரூபிசெக்கின் பங்களிப்புடன், 1960ஆம் ஆண்டின் இறுதியில் அராகுவா மாநிலத்துத் துர்மேரோவிலிருந்து அரீனா பான் என்னும் பெயரில் முன்னவித்த சோளமாவை அந்நிறுவனம் வெளியிட்டது. வெந்நீரோ குளிர்நீரோ சேர்த்துப் பிசைந்தாற் போதும். சில நிமிடங்களில் அரேப்பா ஆயத்தமாகும்.

அப்பெயரின் நயம் கருதத்தக்கது. பான் என்பது தேசிய உணவுப் பொருள்கள் எனப் பொருள்படும் ஸ்பானியத் தொடரின் முதலெழுத்துக்களாலானது. அதுவே ஸ்பானிய மொழியிற் கோதுமை அப்பத்தின் பெயருமாகும். ஈழத்தமிழில் வழங்கும் பாண் என்பது போர்த்துக்கேய மொழியினின்றும் வந்தது. அப்போர்த்துக்கேயச் சொல்லும் ஸ்பானியச் சொல்லும் ஒரே இலத்தீன் வேரின. வென்றோரின் அப்பத்திற்குரிய பெயரை வெல்லப்பட்டோரின் தானியம் இங்ஙனம் தன் பொதியின்மேற் சூடிக்கொண்டது.

ஆலை மா பெண்களை உலக்கையினின்றும் விடுவித்தது; இது சிறிய நன்மையன்று. அதனால் மற்றொரு நன்மையும் விளைந்தது. நாடெங்கும் ஒரே மா உண்ணப்பட்டமையின், 1993இல் அரசு அதனோடு இரும்புச்சத்தும் உயிர்ச்சத்துக்களும் சேர்க்க விதித்தது. கராக்காஸ் நகரப் பள்ளிச் சிறாரை ஆராய்ந்த மிகேல் லைரிசேயும் அவர்தம் குழுவினரும், 1992இல் 37 வீதமாக இருந்த இரும்புச்சத்துக் குறைபாடு 1994இல் 16 வீதமாகவும், 19 வீதமாக இருந்த இரத்தசோகை 10 வீதமாகவும் குறைந்தமையைக் கண்டனர். அதே வேளையில் இழப்பும் உண்டு. ஊருக்கொரு வகையாக விளைந்த சோள இனங்களும், உரலிற் குத்திய மாவின் சுவையும், உரற்பாட்டும் அருகி வந்தன. ஒன்றைப் பெற மற்றொன்றை இழத்தல் வரலாற்றின் நியதி போலும்.

உரிமை வழக்கு

அரேப்பா தமதே என வெனிசுவேலாவினரும் கொலம்பியரும் நீண்ட காலமாக வாதிட்டு வருகின்றனர். பெயரின் மூலம் வெனிசுவேலாவின் கீழைக்கரைக்கு உரியது என்பது ஒருபுறம். வகைகளின் பெருக்கம் கொலம்பியாவில் மிகுதி என்பது மறுபுறம். இவ்வழக்கைத் தீர்க்க முனைவோர் மறக்கும் உண்மை ஒன்று உண்டு. அவ்விரு நாடுகளும் 1819 முதல் பெருங் கொலம்பியா என்னும் ஒரே குடியரசின் பகுதிகளாக இருந்து, 1830ஐ அடுத்தே பிரிந்தன. சேயி அரேப்பாவைக் கண்டெழுதியபோது அவ்வெல்லைக்கோடு இல்லை. அவர்க்கு முன்னர் மண்தட்டில் அதனைச் சுட்டெடுத்த பெண்களும் எந்நாட்டின் குடியுரிமையையும் உடையாரல்லர். பிற்காலத்தில் வரைந்த எல்லையைக் கொண்டு முற்காலப் பொருளைப் பங்கிடுதல் வரலாற்று நெறிக்கு ஒவ்வாது.

அண்மைக் காலத்தில் அரேப்பாவின் வரலாற்றிற் புதிய இயலொன்று சேர்ந்தது. 2003 முதல் விலைக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்ட சோளமா, வெனிசுவேலாவின் பொருளாதாரம் சரிந்த 2010களிற் கடைகளிற் கிடைப்பது அரிதாயிற்று. ஒரு பொதி மாவிற்காக மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். நாட்டை விட்டு வெளியேறியோர் தொகை 70 இலட்சத்தைக் கடந்தது. அவர்கள் லீமாவிலும் சந்தியாகோவிலும் மத்ரீத்திலும் அரேப்பாக் கடைகளைத் திறந்தனர். குமானாக் கரையிற் பிறந்த சொல், அதனைப் பிறப்பித்தோர் கேள்விப்பட்டிராத நகரங்களின் பெயர்ப்பலகைகளில் இன்று காணப்படுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன சில. அரேப்பா என்பது கரிப்பு மொழிக் குடும்பத்தில் அன்றாட உணவைக் குறித்த பழஞ்சொல். தட்டின் பெயரினின்றும் அது பிறந்தது என்பதினும், உணவின் பெயராகவே தொடக்கமுதல் நின்றது என்பதே வலியுடைத்து. அதனைக் காத்தது இலக்கண நூலுமன்று, அரசாணையுமன்று. நாள்தோறும் அடுப்பருகே நின்று அப்பெயரைச் சொல்லிப் பிள்ளைகட்கு உணவளித்த தாய்மாரே.

ஆயின் இதனைக் கண்டு முற்றும் மகிழ்தற்கு இடமில்லை. ஒரு சொல் பிழைத்தமை மொழி பிழைத்தமை ஆகாது. குமனகோத்தோ மொழியில் உறவினரை விளித்த சொற்களும், கடலையும் காற்றையும் குறித்த சொற்களும், அம்மக்கள் பாடிய பாட்டும் கூறிய கதையும் எல்லாம் மறைந்தன. துறவியர் ஏட்டில் எழுதியவை மட்டும் உயிரற்ற உடல்போல் எஞ்சின. அடுக்களையில் வழங்கிய ஒரு சொல் மட்டும் உயிருடன் நின்றது. வீட்டிலே தாயும் பிள்ளையும் பேசுங்காறும் மொழி வாழும். அப்பேச்சு அற்ற நாளில் ஏடுகள் எத்துணை இருப்பினும் அது மாளும். அச்சில் ஏறிய மூன்று இலக்கணங்களாற் செய்ய இயலாததை மண்தட்டின்மீது சுடப்பட்ட ஓர் அப்பம் செய்தது என்பதே அரேப்பாவின் வரலாறு கற்போர்க்கு உணர்த்தும் பாடமாகும்.